உங்கள் போட்டோக்கள் உடையார்பாளையத்தில் இருக்கின்றன

போன வருஷம் தை மாசம் என் சித்தப்பாவின் போன் செத்துப்போனது. தறிக்குழிக்குள் விழுந்து, டிஸ்ப்ளே கறுத்து, அதற்குப் பிறகு ஆன் ஆகவே இல்லை. பக்கத்தில் ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தார். இரண்டு நாள் கழித்து, "சாஃப்ட்வேர் போட்டாச்சுண்ணே, புதுசு மாதிரி ஓடும்" என்று கையில் கொடுத்தார்கள். புதுசு மாதிரிதான் இருந்தது. உள்ளே ஒரு படம்கூட இல்லை.

சித்தப்பா காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிறவர். முப்பத்தோரு வருஷமாக நெய்கிறார். அவர் நெய்த புடவையில் ஒன்றுகூட வீட்டில் கிடையாது. பாவும் ஜரிகையும் முதலாளி கொடுப்பது, புடவை முதலாளிக்குப் போவது, கூலி இவருக்கு வருவது. நடுவில் இவர் கையில் எதுவும் தங்காது. ஸ்மார்ட்போன் வந்த பிறகு ஒரு பழக்கம் வைத்திருந்தார். தறியிலிருந்து அறுத்து, மடிப்பதற்கு முன்னால், முந்திக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, கரைக்கு ஒன்று என்று மூன்று படம் எடுப்பார். பதினோரு வருஷம் அப்படி எடுத்தார். யாருக்கும் அனுப்ப மாட்டார், ஸ்டேட்டஸ் வைக்க மாட்டார். ராத்திரி படுத்துக்கொண்டு தள்ளித் தள்ளிப் பார்ப்பார், அவ்வளவுதான்.

"கூகுள்ல இருக்கும்லப்பா?" என்று என்னைக் கேட்டார்.

போன் வாங்கின கடையில் இருந்த பையனே ஒரு ஜிமெயில் போட்டுக் கொடுத்திருக்கிறான். என்ன பெயர், என்ன பாஸ்வேர்டு, யாருக்கும் தெரியாது. அந்தக் கணக்கில் கொடுத்த நம்பர் ரீசார்ஜ் செய்யாமல் என்றைக்கோ போய்விட்டது. மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தேன். உள்ளே நுழைய முடியவில்லை. இருந்தாலும் இருக்கலாம், எங்கேயோ ஒரு டேட்டா சென்டரில் அந்த முந்தியெல்லாம் வரிசையாக இருக்கலாம். இருந்தென்ன?

'இருக்கும்ல' என்ற அந்த ஒரு வார்த்தையின் மேல் எனக்கு வந்த கோபம்தான் இந்தக் கட்டுரை. அது சித்தப்பா மேல் வந்த கோபம் இல்லை. அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. படித்த, எழுதுகிற, பைத்தான் தெரிந்த, ஓடிடி நான்கு வைத்திருக்கிற நம்மைப் போன்ற ஆட்கள் மேல் வந்த கோபம். நாமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். 'கிளவுட்ல இருக்கும்ல.'

காஞ்சிபுரத்துக்காரனிடம் இதைச் சொல்லக் கூடாது. ஏனென்றால் இந்த ஊரில் இதே கதை ஏற்கனவே ஒரு தடவை நடந்து, கல்வெட்டாகவே நிற்கிறது. 1688இல் ஔரங்கசீப்பின் படை வருகிறது என்ற பயத்தில் வரதராஜப் பெருமாள் கோயில் உற்சவ மூர்த்திகளை ஊரைவிட்டுக் கொண்டுபோனார்கள். பிணத்தை எடுத்துப்போவது போல மூடி எடுத்துப்போனதாக ஊரில் சொல்வார்கள். போய்ச் சேர்ந்த இடம் உடையார்பாளையம் காடு. அங்கிருந்த பாளையக்காரர் பத்திரமாகத்தான் பார்த்துக்கொண்டார். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆபத்து நீங்கி, 'எங்கள் சாமியைக் கொடுங்கள்' என்று காஞ்சிபுரத்தார் போய் நின்றபோது, தர மாட்டேன் என்றுவிட்டார். ஆத்தான் ஜீயர் என்பவர் லாலா தோடர்மல் என்ற படைத்தலைவரைப் பிடித்து, அவர் படையைக் காட்டி மிரட்டிய பிறகுதான் மூர்த்திகள் திரும்பி வந்தன. வருஷம் 1710. இடையில் இருபத்திரண்டு வருஷம்.

காமாட்சிக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. அதே மாதிரியான ஒரு கலவர காலத்தில் இங்கிருந்து கிளம்பிய தங்கக் காமாட்சி, பல ஊர் சுற்றித் தஞ்சாவூர் போய்ச் சேர்ந்து, பங்காரு காமாட்சியாக இன்றைக்கும் அங்கேயே இருக்கிறாள். சியாமா சாஸ்திரி அவளைப் பார்த்துப் பார்த்துப் பாடினார் என்பது நமக்குக் கிடைத்த லாபம். காஞ்சிபுரத்துக்கு அவள் திரும்பவே இல்லை.

கிளவுட் என்பது உடையார்பாளையம். நல்ல பாதுகாப்பு, வேளா வேளைக்குப் பூஜை, எல்லாம் உண்டு. திரும்பக் கேட்கும்போதுதான் உங்களுக்கு ஒரு தோடர்மல் வேண்டும். சித்தப்பாவிடம் தோடர்மல் இல்லை. ரெகவரி மெயில்தான் கேட்டது.

நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்கிறவர்கள் கொஞ்சம் பின்னால் திரும்பிப் பாருங்கள். தமிழ் இணையத்தின் முதல் தலைமுறை வீடு கட்டியது ஜியோசிட்டீஸில். 2009 அக்டோபரில் யாஹூ அதை மூடியது. ராயர் காபி கிளப், மரத்தடி என்று எழுத்தாளர்களும் வாசகர்களும் விடிய விடியச் சண்டை போட்ட குழுமங்கள் யாஹூ குரூப்ஸில் நடந்தன. 2019 டிசம்பரில் பழைய மடல்களை அழிக்க ஆரம்பித்து, 2020 டிசம்பரில் கடையையே சாத்தினார்கள். ஆர்குட் 2014 செப்டம்பர் 30. டிக்டாக் 2020 ஜூன் 29 இரவு. நம் கிராமத்துப் பெண்கள் முதல்முதலாகத் தங்கள் முகத்தைத் தாங்களே படமெடுத்துச் சேர்த்து வைத்த இடம் அது. தடை சரியா தப்பா என்று எல்லோரும் பேசினார்கள், அந்த வீடியோக்களின் பிரதி யாரிடம் இருக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கூகுள் போட்டோஸ் 'எவ்வளவு வேண்டுமானாலும் போடுங்கள், இலவசம்' என்று சொன்னது 2021 ஜூன் 1ஆம் தேதியோடு முடிந்தது. இரண்டு வருஷம் தொடாத கணக்கை அழிக்கலாம் என்று 2023 டிசம்பரிலிருந்து விதி வேறு. சித்தப்பாவின் கணக்குக்கும் ஒரு கெடு ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

'பெரிய கம்பெனி, அரசாங்கம், அவங்களே பத்து பிரதி வெச்சிருப்பாங்க' என்பது அடுத்த சமாதானம். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவில், தேஜான் நகர அரசு டேட்டா சென்டரில் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்களுக்கான ஜி-டிரைவ் என்ற சேமிப்பு மொத்தமும், 858 டெராபைட், எரிந்து போனது. வேறு பிரதி கிடையாது. உலகத்துக்கே சாம்சங் டிஸ்க் விற்கிற நாடு அது.

இதற்கு மேல் ஒரு கூட்டம் இருக்கிறது. எனக்கு நிஜமான சண்டை அவர்களோடுதான், அவர்கள் இந்த மாதிரிப் பத்திரிகைகளில்தான் இருக்கிறார்கள், நானும் அதில் ஒருவனாகச் சில காலம் இருந்தேன். 'எல்லாம் அழியத்தானே, அழிவில்தான் அழகு, மறதி ஒரு விடுதலை.' ஹார்ட் டிஸ்க் போனதைப் பற்றி ஒரு கவிதை, அதற்கு இருநூறு இதயம். இதே ஆட்கள்தான் உ.வே.சா. ஏடு தேடி அலைந்த கதையைப் படித்துக் கண்ணீர் விடுகிறவர்கள். கரிவலம்வந்தநல்லூரில் கோயில் ஏடுகளை நெருப்பில் ஆகுதி செய்துவிட்டோம் என்று சொன்னதை அவர் எழுதியிருக்கும் இடத்தில் நமக்கெல்லாம் வயிறு எரிகிறது. 1981 ஜூன் என்றால் யாழ்ப்பாண நூலகம், தொண்ணூறாயிரத்துக்கும் மேல் புத்தகம், ஆண்டுதோறும் பதிவு போடுகிறோம். நியாயம்தான். அப்படியானால் உன் ஆயா பாடின நலங்குப் பாட்டு எங்கே இருக்கிறது தம்பி? வாட்ஸப்பில். வாட்ஸப் எங்கே இருக்கிறது? போனில். போன் எங்கே? பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகும்போது மேல்பாக்கெட்டில்.

உ.வே.சா. கதையில் நாம் கவனிக்காமல் தாண்டுகிற விஷயம் ஒன்று உண்டு. அவருக்கு ஏடுகள் கிடைத்தது வீடுகளிலும் மடங்களிலும். யாரோ ஒரு வித்துவான் தன் தாத்தா எழுதி வைத்த பிரதியைப் பரணில் வைத்திருந்தார். இன்னொரு ஊரில் இன்னொருவர் வைத்திருந்தார். ஒன்றில் செல்லரித்த இடம் மற்றதில் இருந்தது. 1887இல் சீவக சிந்தாமணி அச்சானது அப்படிப் பல பிரதிகளை ஒப்பிட்டுத்தான். ஓலை அழியக்கூடியது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அதனால் திரும்பத் திரும்பப் படியெடுத்தார்கள். நாம் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கருங்கல் என்று நினைத்துக்கொள்கிறோம். ஐந்தாறு வருஷம் ஓடினால் அதற்கு வயசாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். சொல்லப்போனால் கருங்கல்லையே நம் ஆட்கள் நம்பவில்லை. திருமழபாடிக் கோயில் விமானத்தைப் பிரித்துக் கட்ட ராஜராஜன் உத்தரவிட்டபோது, முதலில் சுவரில் இருந்த கல்வெட்டுகளை எல்லாம் படியெடுத்துப் புத்தகத்தில் ஏற்றச் சொன்னான். கட்டி முடித்து, மகன் ராஜேந்திரன் காலத்தில் அவற்றைத் திரும்ப வெட்டினார்கள். ஃபார்மட் அடிப்பதற்கு முன்னால் பேக்கப் எடுத்தார்கள் என்று அர்த்தம். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கல்தச்சனுக்குத் தெரிந்தது, எங்கள் தெரு சர்வீஸ் கடைக்குத் தெரியவில்லை.

சரி, என்ன செய்வது? வீட்டிலேயே ஒரு சர்வர் வைப்பது. இந்த இடத்தில் எனக்கு இன்னொரு கூட்டத்தோடும் சண்டை இருக்கிறது. ஹோம் சர்வர் என்றாலே ஆறு டிஸ்க், நீல விளக்கு, ரேக், அதற்குத் தனி ஏசி என்று இன்ஸ்டாகிராமில் காட்டுகிறவர்கள். பார்க்கிறவன், 'இது நமக்கில்லைப்பா' என்று போய்விடுகிறான். அதுவும் பரவாயில்லை. அந்தப் பெட்டியில் இரண்டு டிஸ்க்கை மிரர் போட்டுவிட்டு, 'ரெய்டு இருக்கு, பயமில்லை' என்கிறார்கள் பாருங்கள், அதுதான் ஆபத்து. கண்ணாடிக்கு முன்னால் நின்று நீங்கள் மீசையை எடுத்தால் கண்ணாடியில் மட்டும் மீசை இருக்குமா? ஒரு டிஸ்க்கில் தெரியாமல் அழித்தால் மற்றதிலும் அதே நொடியில் அழியும். வைரஸ் பூட்டினால் இரண்டும் பூட்டிக்கொள்ளும். ரெய்டு, டிஸ்க் செத்தால் வேலை நிற்காமல் இருப்பதற்கு. பேக்கப் வேறு. போனிலிருந்து தானாக ஏறுகிற 'சிங்க்' என்பதும் பேக்கப் இல்லை, இங்கே அழித்தால் அங்கேயும் அழிகிற எதுவும் பேக்கப் இல்லை. காசு கொடுத்து நல்ல பெட்டி வாங்கினால் மட்டும் போதுமா என்றால், 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் பெட்டிகள் இணையம் வழியாகத் தாக்கப்பட்டு வீடு வீடாகக் காலியாயின. 2022 ஜனவரியில் க்யூநாப் பெட்டிகளை டெட்போல்ட் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்டது. இரண்டிலும் மாட்டியது வீட்டுப் பெட்டியின் கதவை நேராக இணையத்துக்குத் திறந்து வைத்தவர்கள்.

நான் வைத்தது ஒரு பழைய லேப்டாப். கீபோர்டில் மூன்று எழுத்து வேலை செய்யாது. டெபியன் போட்டு, மூடியை மூடினாலும் தூங்காதபடி செய்து, பரணுக்குக் கீழே ஒரு பலகையில் வைத்தேன். பழைய லேப்டாப்பின் பெரிய வசதி, பேட்டரி உள்ளேயே இருக்கிறது. மாசத்தில் ஒரு நாள் மின்வாரியம் ஷட் டவுன் என்று கரண்ட்டை எடுக்கும்போது அது பாட்டுக்கு அரை மணி நேரம் ஓடி, ஒழுங்காக அணைந்துகொள்ளும். மின்சாரம் நிறையச் செலவாகுமே என்று சித்தி கேட்டாள். சராசரி 12 வாட் என்று வைத்தால் இரண்டு மாசத்துக்கு 17 யூனிட் சொச்சம். இலவசமாக வருகிற நூறில் ஐந்தில் ஒரு பங்குகூட முழுசாக இல்லை. தறிக்கு மேலே எரிகிற பழைய குண்டு பல்பு அதைவிட அதிகம் தின்றது.

நான் கோட்டைவிட்டது நெட்வொர்க்கில். எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி. முன்னால் தறி, நடுவில் கூடம், பின்னால் சமையல், எல்லாம் ஒரே நீளம். ஃபைபர்காரர் ரூட்டரை வாசலிலேயே மாட்டிவிட்டுப் போயிருந்தார். டிவி கூடத்தில். நடுவில் பழைய செங்கல் சுவர், ஒன்றரை அடி. ஐந்து கிகாஹெர்ட்ஸ் வைஃபை அந்தச் சுவரைத் தாண்டவே இல்லை. 2.4 தாண்டியது, ஆனால் தெருவில் எல்லா வீட்டு ரூட்டரும் அதில்தான் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. ஒரு கல்யாண வீடியோவைப் போட்டால் தாலி கட்டும் இடத்தில் வட்டம் சுற்றிக்கொண்டு நிற்கும். பத்து நாள் ஏதேதோ செட்டிங்கை மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன்: பரண் ஓரமாகப் பதினைந்து மீட்டர் கேட்-6 கேபிள், எலி கடிக்காமல் பிவிசி பைப்புக்குள். பிரச்சினை முடிந்தது. அசையாமல் ஒரே இடத்தில் இருக்கிற பொருளுக்கு ஒயர், கையில் தூக்கிக்கொண்டு அலைகிற பொருளுக்கு வைஃபை. இதை யாராவது எனக்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

அப்படியும் காப்பி ஆமை வேகத்தில் போனது. ரூட்டரின் லேன் வாய்கள் 100 எம்பிபிஎஸ் வகை. நொடிக்குப் பன்னிரண்டு எம்பி. ஒரு டெராபைட் ஏற ஒரு நாள் முழுக்க ஆகும். நடுவில் ஒரு சின்ன கிகாபிட் ஸ்விட்ச் போட்ட பிறகு இரண்டரை மணி நேரம். பட்டுக்கடையில் ஜரிகையைக் கீறிப் பார்த்து வாங்குகிற ஊரில், ரூட்டர் வாங்கும்போது அதன் வாய் என்ன வேகம் என்று நாம் கேட்பதில்லை.

ரூட்டருக்குள் போய் அந்த லேப்டாப்புக்கு நிரந்தர முகவரி ஒன்று ஒதுக்குங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு கரண்ட் கட்டுக்குப் பிறகும் அது வேறு கதவு எண்ணுக்குக் குடி போயிருக்கும். வெளியூரிலிருந்து பார்க்க வேண்டும் என்றால் போர்ட் திறக்காதீர்கள். திறந்தாலும் நம் ஊர் இணைப்புகள் பலவற்றில் வேலை செய்யாது, ஏனென்றால் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரிதான் தருகிறார்கள். டெய்ல்ஸ்கேல் மாதிரி ஒன்றைப் போட்டால் உங்கள் போனுக்கும் வீட்டுக்கும் நடுவில் தனிச் சந்து ஒன்று வந்துவிடும். போட்டோவுக்கு இம்மிச், வீடியோவுக்கு ஜெல்லிஃபின். ப்ளெக்ஸ் பார்க்க அழகு, ஆனால் 2025 ஏப்ரல் கடைசியிலிருந்து வெளியிலிருந்து உங்கள் படத்தை நீங்களே பார்க்க அவர்களுக்குக் காசு கட்ட வேண்டும். மறுபடி உடையார்பாளையம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஸ்ட்ரீமிங்கையும் பேக்கப்பையும் ஒன்றாகப் பேசாதே, அது பொழுதுபோக்கு, இது கடமை என்று எனக்குத் தெரிந்த கணினிக்காரர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. பீரோவில் வைத்துப் பூட்டின பேக்கப் உயிரோடு இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? 1998இல் பிக்சாரில் டாய் ஸ்டோரி 2 படத்தின் கோப்புகளை யாரோ கட்டளை தவறிப் போட்டு அழித்தபோது, அவர்களிடம் பேக்கப் இருந்தது. ஆனால் அது ஒழுங்காகப் பதிவாகாமல் இருந்தது யாருக்கும் தெரியாது, ஏனென்றால் யாரும் எடுத்துப் பார்த்ததில்லை. படத்தைக் காப்பாற்றியது, குழந்தை பெற்று வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த கேலின் சூஸ்மனின் வீட்டுக் கணினி. தினம் தொடுகிற பிரதி அது.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். சித்தப்பா சித்தி கல்யாண வீடியோ ஒரு விஎச்எஸ் கேசட். இருபது வருஷத்துக்கு முன் அதை யாரோ டிவிடியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்த டிவிடி பாதியில் சிக்கியது. பத்திரமாக இருக்கிறது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த டிவிடி. கேசட்டிலிருந்து மறுபடி எடுத்து, ஜெல்லிஃபினில் ஏற்றி, ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியில் போட்டேன். அன்றைக்கு ஓடிடி எதுவும் ஓடவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வந்தார்கள். செத்துப்போன பெரியப்பா பந்தியில் அப்பளம் கேட்டு வாங்குகிறார். அதை நான்கு தடவை நிறுத்திப் போடச் சொன்னாள் பெரியம்மா. அதற்குப் பிறகுதான் வீட்டில் எல்லோருக்கும் அந்த மூடிய லேப்டாப் என்னவென்று புரிந்தது. இப்போது பச்சை விளக்கு எரியவில்லை என்றால் எனக்கு முன்னால் சித்தி போன் பண்ணுகிறாள். எந்த மானிட்டரிங் சாஃப்ட்வேரும் இதைச் செய்யாது.

பேக்கப் விஷயத்தில் மூன்று பிரதி, இரண்டு வகைப் பொருள், ஒன்று வெளியூரில் என்று ஒரு கணக்கு உண்டு. பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் சொல்லிப் பிரபலமானது. பக்தர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், எனக்கு அதைப் படித்தவுடன் சின்ன காஞ்சிபுரம்தான் ஞாபகம் வந்தது. இடத்தைவிட்டு அசையாத மூலவர். ஊருக்குள் உலா வந்து எல்லோர் கண்ணிலும் படுகிற உற்சவர். அனந்தசரஸ் குளத்துக்கு அடியில், யார் கையும் படாமல், நாற்பது வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் மேலே வருகிற அத்தி வரதர். 2019இல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை நாற்பத்தெட்டு நாள் ஊர் தாங்காத கூட்டத்தில் நானும் நின்றேன். எங்கள் லேப்டாப்பில் இருப்பது உற்சவர். அதில் செருகாமல் தனியாக வைத்திருக்கும் ஹார்ட் டிஸ்க் ஒன்று. மூன்றாவது, பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய டிஸ்க், ஆரணியில் அத்தை வீட்டு பீரோவில். பொங்கலுக்கும் ஆடிக்கும் போகும்போது மாற்றிக்கொள்வோம். நாற்பது வருஷமெல்லாம் காத்திருக்க முடியாது.

கிளவுட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. வீட்டில் தீப்பிடிக்கும், திருடு போகும், ஆரணிக்குப் போக மறந்தும்போவோம். நாலாவது பிரதியாகக் கிளவுட் இருக்கட்டும், பூட்டி அனுப்புங்கள். அதுவே ஒரே பிரதியாக இருப்பதுதான் கூடாது.

நானும் ஒரு தடவை விழுந்தேன், சொல்லிவிடுகிறேன். ஆறு மாசம் பெருமையாக ஓட்டிவிட்டு, ஒரு நாள் வேறொரு கணினியில் டிஸ்க்கிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப எழுப்பிப் பார்த்தேன். படங்கள் வந்தன. யார் எந்தப் படத்தில், எந்த ஆல்பத்தில், எந்தப் புடவை என்ன பெயர் என்று சித்தப்பா சொல்லச் சொல்ல நான் தட்டிய விவரம் ஒன்றும் வரவில்லை. இம்மிச் அதையெல்லாம் படத்துக்குள் வைப்பதில்லை, தனி டேட்டாபேஸில் வைக்கிறது. நான் அதைப் பிரதி எடுக்கவே இல்லை. அசல் லேப்டாப் உயிரோடு இருந்ததால் தப்பித்தேன். இந்தச் சோதனையை நீங்கள் செய்யாத வரை உங்களிடம் பேக்கப் இருக்கிறது என்று வாய் திறக்காதீர்கள்.

'உனக்குத் தெரியும், நீ செய்தாய், ஒரு தறிக்காரர் வீட்டில் லினக்ஸ் யார் பார்ப்பார்கள்?' என்று ஒரு நண்பர் கேட்டார். இந்தக் கேள்வியில் இருக்கிற இளக்காரம் எனக்குப் பிடிக்கவில்லை. 1804இல் லியோனில் ஜக்கார்டு என்ற நெசவாளி வீட்டுப் பையன் ஓட்டை போட்ட அட்டையில் டிசைனைச் சேமித்தான். ஓட்டை இருந்தால் ஊசி போகும், இல்லையென்றால் போகாது. அவன் உருவப்படத்தையே பின்னால் பட்டில் நெய்தார்கள், 24,000 அட்டை. அதில் ஒரு பிரதி சார்லஸ் பாபேஜ் வீட்டில் தொங்கியது. அந்த அட்டைதான் கணினிக்குப் போனது. பாங்கியில் கம்ப்யூட்டர் வருவதற்கு எத்தனையோ காலம் முன்னால் டேட்டா தொங்கிக்கொண்டிருந்தது தறிக்கு மேலே. அட்டை வரிசை மாறினால் முந்தியில் அன்னப்பட்சிக்கு வால் எங்கே போகும் என்று சித்தப்பாவுக்குத் தெரியும். கிழிந்த அட்டைக்கு மாற்று அட்டை அடிக்கவும் தெரியும். அவருக்கு இன்கிரிமென்டல் பேக்கப்பைப் புரியவைக்க எனக்கு ஒரு டம்ளர் டீ நேரம்தான் ஆனது. நண்பருக்கு இன்னும் புரியவில்லை.

ஆனால் கேள்வியின் அடியில் ஒரு நிஜம் இருக்கிறது. அந்த அட்டை யாருடையது? முதலாளியுடையது. எலக்ட்ரானிக் ஜக்கார்டு வந்த தறியில் டிசைன் பென்டிரைவில் வருகிறது, அதுவும் அவருடையது. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அது ஊர்ப் பெயரைக் காப்பாற்றும். எந்தக் குழியில் யார் உட்கார்ந்து எதை நெய்தார் என்று அது எங்கேயும் எழுதி வைக்காது. நெய்தவரிடம் மிஞ்சுவது முதுகுவலியும் அந்த மூன்று போட்டோவும்தான். அதனால்தான் எனக்கு 'மறதி அழகு' என்பவர்களைக் கண்டால் ஆத்திரம் வருகிறது. மறக்கிற வசதி, ஏற்கனவே எங்கேயோ பதிவானவர்களுக்கு உண்டு.

லேப்டாப்பும் டிஸ்க்குகளும் கேபிளும் ஸ்விட்சும் சேர்த்து ஒரு நடுத்தர செல்போன் விலைக்குள் முடிந்தது. பாஸ்வேர்டு, எந்த டிஸ்க் எங்கே, லேப்டாப் செத்தால் யாரைக் கூப்பிட வேண்டும், எல்லாம் சித்தியின் ரேஷன் கார்டு உறைக்குள் ஒரு காகிதத்தில் தமிழில் இருக்கிறது. நான் நாளைக்கு இல்லாமல் போனாலும் பெரியப்பா அப்பளம் கேட்க வேண்டும்.

பதினோரு வருஷத்துப் படங்கள் வரவில்லை. அது போனது போனதுதான். அந்தத் தையிலிருந்து நெய்தவை மட்டும் இருக்கின்றன. போன மாசம் அவற்றை டிவியில் ஓடவிட்டேன். சித்தப்பா சாப்பிட்டுக்கொண்டே பார்த்தார். ஒரு முந்தி வந்தபோது கையை நக்கிவிட்டு எழுந்துபோய், திரைக்கு ரொம்பக் கிட்டே நின்றார்.

"இது அரக்குப்பா. டிவில என்னமோ மெரூன் மாதிரி காட்டுது. அந்த கலரை மாத்த முடியுமா பாரு."

இன்னும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.